கோணலாய் விழுந்த நகல்

என் மனைவி என்னை ஓட்டைவாய் என்பாள். பொய்யென்று சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன் உம்மென்று உட்கார்ந்திருந்தால் எவன் வருவான் என்று நானும் பதிலுக்குச் சொல்லியே இருபது வருடத்தை ஓட்டிவிட்டேன். கடை எட்டடி அகலம். இரண்டு இயந்திரம், ஒன்று கிழடு, இன்னொன்று அதற்கும் மூத்தது. எதிரே பேங்க். அங்கே எதற்குப் போனாலும் நகல் கேட்பார்கள். ஆகவே தெருவில் பாதிப் பேருடைய பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். படிக்காமல் நகலெடுக்க என் கண்ணுக்குத் தெரியாது.

அந்த பேங்கில் மூன்றாம் கவுண்டரில் இருப்பவள்தான் பூட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது தெரு வைத்தது. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் அப்பா அம்மாவோடு இருந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

பூட்டு என்ற பெயர் வர நானும் ஒரு காரணம். என் மகளுக்கு ஓர் இடம் வந்தது. பையனுக்கு அந்த பேங்கில்தான் கணக்கு. மாடிப்படியில் அவளை நிறுத்தி, "நம்ம பையன் கணக்கு எப்படிம்மா? ஒரு கோடு காட்டினாப் போதும்" என்றேன்.

"அண்ணே, ஒங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை வேணுமா, அவரோட பாஸ்புக் வேணுமா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை நான். பிறகு நானாகத்தான் பேசினேன். எனக்குப் பேசாமல் இருக்க வராது.

அவள் வேலை செய்வதை என் கடையிலிருந்து கண்ணாடி வழியே பார்க்கலாம். யார் வந்து நின்றாலும் முதலில் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். வாங்கிய காகிதத்தைக் கவிழ்த்துத்தான் வைப்பாள். காது கேட்காத பெரியவர் ஒருவர் மாதம் முதல் வாரத்தில் வருவார். "எம்புட்டு இருக்கு?" என்று அவர் போடும் சத்தம் சாலையைத் தாண்டி எனக்குக் கேட்கும். மற்றவர்களாயிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார்கள், தெரு முழுக்கக் கணக்குத் தெரிந்திருக்கும். இவள் ஒரு துண்டுச் சீட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி, எழுந்து வெளியே வந்து அவர் கையில் கொடுப்பாள். அவர் தலையாட்டியதும் சீட்டை வாங்கி நாலாகக் கிழிப்பாள். மாதா மாதம் இதே. ஒரு தடவைகூட அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் அந்த இடி விழுந்தது.

அவளுக்கு ஒரு தங்கை. சின்னவள் என்போம். சரக்கு வேன் ஓட்டும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து நாலு வருடம். வேன்காரன் பார்க்க லட்சணமாக இருப்பான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். மாமியாருக்கு அவன் என்றால் உயிர். சின்னவள் ஒருநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பிப் போனவள்தான். எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். "நல்லா இருக்கேன், தேடாதீங்க" என்று அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

வேன்காரன் நாள் தவறாமல் சாயங்காலம் மாடிக்கு வந்து உட்கார்ந்து அழுவான். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கிறவர் மனசு கரைந்துபோகும் அழுகை. மாடிக்குப் போகும் படி எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி ஏறுகிறது. அடுப்படியில் நின்றால் போதும், அங்கே பேசுவது அத்தனையும் கேட்கும். ஒருநாள் அவன் எழுந்து போன பிறகு இது கேட்டது.

"ஒன் பேங்க்லதானே அவளுக்குக் கணக்கு?" இது அம்மா. "ஒரு பட்டனத் தட்டினா வீட்டு விலாசம் வரும்னு மாப்பிள்ள சொல்றார். தட்டேன்டி."

"என்னால முடியாதும்மா."

"முடியாதா, மாட்டியா?"

"ரெண்டும்தான். சொந்தக்காரங்க கணக்க நாங்க தொடக்கூடாது. வேலைல சேந்தப்பவே சொந்தக்காரங்க பேரெல்லாம் எழுதி வாங்கிடுவாங்க. தொட்டா, யார் தொட்டா, எத்தன மணிக்குத் தொட்டான்னு பதிவாகும். வேல போயிடும்."

"போனாப் போகுது! பெத்த பொண்ணு எங்க கெடக்கறான்னு தெரியாம நான் சோறு திங்கறேன், ஒனக்கு வேல பெருசாப் போச்சா?"

பூட்டு சொன்னாள்: "வேலைக்காக இல்லம்மா. வீட்டுல அவ என் தங்கச்சி. அங்க அவ ஒரு காகிதத்த நம்பிக் குடுத்துட்டுப் போன ஆளு. அவ எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனைக்கறா. நான் எடுத்துக் குடுத்தா, நாளைக்கு இந்தத் தெருவுல எந்தப் பொண்ணு என் கவுண்டருக்கு வருவா? அவ கைல சூடு பட்டிருந்தத நான் காட்டினேன். நீங்க நம்பல."

"சமையல் பண்றப்ப சுட்டுக்கிட்டேன்னு அவளே சொன்னாளே!"

"முழங்கைக்கு மேலயா சமைப்பாங்க?"

அப்பா குறுக்கே விழுந்து, "வாய மூடு. மாப்பிள்ள காதுல விழுந்தா என்ன நெனைப்பார்" என்றார். அதற்கப்புறம் அவர் மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மா, பூட்டு சமைத்ததைத் தொடுவதில்லை என்று ஆரம்பித்தாள். ஒரே வீட்டில் இரண்டு தரம் அடுப்பு எரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பூட்டின் மேல் கோபம்தான். காரணம், ஒரு மாதம் முன்பு நான் பார்த்த ஒரு காட்சி.

சின்னவள் பேங்குக்கு வந்திருந்தாள். முதலில் என் கடைக்கு. முகத்தில் பாதியைத் துணியால் மறைத்திருந்தாள், ஆனாலும் எனக்குத் தெரியாதா? வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் கடிதத்தை நீட்டினாள். "அண்ணே, ஒண்ணு போதும். யார்கிட்டயும் சொல்லாதீங்க." கிழட்டு இயந்திரம் காகிதத்தைக் கோணலாக இழுத்து, ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு துப்பியது. அதைக் கீழ்த்தட்டில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். கெட்டுப்போன நகலை நான் எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், நாலாக வெட்டி பில் எழுதுவேன். காசு கொடுத்து வாங்கிய காகிதம் இல்லையா?

அவள் பேங்குக்குள் போனாள். பூட்டு நிமிர்ந்து பார்த்தாள். நானும் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று. அவளோ 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை எடுத்து முன்னால் வைத்தாள், நாற்காலியைத் தள்ளினாள், பின்னறைக்குள் போய்விட்டாள். தங்கை ஒன்றாம் கவுண்டரில் முகவரி மாற்ற எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிற வரைக்கும் வெளியே வரவேயில்லை. இதுவும் ஒரு பிறவியா என்று எனக்கு வயிறு எரிந்தது. கல்நெஞ்சுக்காரி என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி மட்டும், "ஏதாவது காரணம் இருக்கும். ஒங்களுக்குத் தெரியாததெல்லாம் தப்புன்னு ஆகிடுமா?" என்றாள்.

பூட்டிடம் கேட்டுப் பலனில்லை என்று தெரிந்ததும் வேன்காரன் வேறு வழி பார்த்தான். ஒருநாள் பதினோரு மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்றான். போனை எடுத்தான், தொண்டையைச் செருமினான். குரல் மாறியது. என்ன குரல் என்கிறீர்கள்! கலெக்டர் தோற்றார்.

"ஹலோ, தலைமை அலுவலகத்துலேருந்து பேசறோம். ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பின தபால் திரும்பி வந்திருக்கு. விலாசத்த ஒரு தடவ படிங்க, சரிபாக்கணும்."

சின்னவளின் பெயரையும் சொன்னான். எதிரே கண்ணாடிக்குள் ஒன்றாம் கவுண்டர் பெண் போனைப் பிடித்தபடி எதையோ தேடத் தொடங்கினாள். நேற்று வந்த பெண், பாவம். பூட்டு எழுந்து போய், அவள் கையிலிருந்து மெதுவாகப் போனை வாங்கினாள். பூட்டு சொன்னது எனக்கு வேன்காரனின் போனிலிருந்தே கேட்டது.

"ஒங்க பேரு, பிரிவு சொல்லுங்க சார். நான் வச்சிட்டு, எங்ககிட்ட இருக்கற தலைமை அலுவலக நம்பருக்கு நானே கூப்பிடறேன்."

"அவசரம்மா. ரெண்டு வார்த்த, படிச்சிட்டு வைங்க."

"அவசரம்னாலும் அப்படித்தான் சார். வணக்கம்."

வைத்துவிட்டாள். வேன்காரன் மூஞ்சியில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "பொண்டாட்டி எங்கன்னு தெரிஞ்சிக்க நாய் மாதிரி அலைய வேண்டியிருக்குண்ணே" என்று கண்ணைக் கசக்கினான். எனக்கு அவன் மேல் பரிதாபம் வந்தது. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த வாரம் அம்மா படியிறங்கி என் கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தம்பி, அவ பேங்க்ல கணக்கு வச்சிருக்கா. அப்போ ஒங்க கடைக்கும் வந்திருப்பா. வந்தாளா?"

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதே என் விஷயத்தில் பேசிய மாதிரிதான்.

"வந்திருக்கா! எப்படி இருந்தா? எளச்சிருந்தாளா? என் வயிறு பத்தி எரியுது தம்பி. ஒருதடவ கண்ணால பாத்துட்டு வந்துடறேன். மாப்பிள்ளைகிட்டக்கூட சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை. கீழ்த்தட்டைக் குடைந்தேன். அந்தக் கோணல் நகல் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன். பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பூட்டால் முடியாததை நான் முடித்துவிட்டேன் அல்லவா!

மறுநாள் காலை பத்தரை மணிக்கு வேன் என் கடை முன்னால் வந்து நின்றது. முன்சீட்டில் அம்மா, மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லமாட்டேன் என்றவள்தான். மடியில் ஒரு பாத்திரம், மகளுக்குப் பிடித்தது ஏதோ செய்திருக்கிறாள் போல. முகம் பூத்திருந்தது. வேன்காரன் இறங்கிவந்தான், கையில் அந்தக் காகிதம்.

"அண்ணே, இதுல ஒரு ஜெராக்ஸ்."

"எதுக்குப்பா?"

"அத்தைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றான். அம்மா கேட்காத தூரம் என்று தெரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "இனிமே எங்க ஓடுவான்னு பாக்கறேன். வெளிய போற காலே இருக்காது."

சிரித்துக்கொண்டே சொன்னான். சொன்ன கையோடு நகலுக்குக் காசும் கொடுத்தான். வேன் கிளம்பிப் போய்விட்டது.

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்தேன். வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மூன்றாம் கவுண்டருக்குப் போனேன்.

"அம்மாடி, தப்புப் பண்ணிட்டேன். தங்கச்சி விலாசத்த ஒங்க அம்மாகிட்ட குடுத்துட்டேன். அவன் வேன எடுத்துக்கிட்டுப் போறான். கால ஒடைப்பேங்கறான். அவ இருக்கறது அந்த விடுதி, அதான்..."

"சொல்லாதீங்க!" பூட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "என்கிட்ட எடத்தச் சொல்லாதீங்கண்ணே!"

இந்த நேரத்திலுமா என்று நான் திகைத்து நிற்க, அவள் ஏற்கெனவே மேனேஜர் அறைக்கு ஓடியிருந்தாள். நானும் பின்னால் போனேன்.

"சார், ஒரு வாடிக்கையாளரோட விலாசம் வெளில போயிருக்கு. அவங்க உயிருக்கு ஆபத்து. ஒடனே அவங்ககிட்ட சொல்லணும்." கணக்கு எண்ணைக்கூட அவள் சொல்லவில்லை; உறவினர் பட்டியல் அவரிடமே இருந்தது.

மேனேஜர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "ஒன் தங்கச்சிதானே? நம்பர எடுத்துத் தரேன், நீயே பேசறியா?"

"வேணாம் சார். நீங்க பேசுங்க. போலீசுக்கும் சொல்லுங்க. நான் வெளில நிக்கறேன்."

வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள்.

"ஏம்மா, இப்பக்கூடவா?" என்றேன்.

"அண்ணே, அவன் எங்க வீட்டுல ரெண்டு மாசமா உக்காந்திருக்கான். அம்மா அழறாங்க. அப்பா மொகத்தத் திருப்பிக்கறார். எனக்குத் தெரிஞ்சிருந்தா, என்னிக்காவது ஒருநாள் வாய் தவறியிருக்கும். நான் ஒண்ணும் இரும்பு இல்ல. அதான் அன்னிக்கு அவ வந்தப்ப எழுந்து உள்ள போனேன். அவ கையெழுத்தக்கூட பாக்கல. உள்ள நின்னு எவ்வளவு அழுதேன்னு எனக்குத்தான் தெரியும்."



மேனேஜர் கதவைத் திறந்து, "பேசிட்டேன். விடுதில இல்ல, வேலைல இருக்காங்க. அங்கயே இருக்கச் சொல்லிட்டேன். விடுதிக்கும் சொல்லியாச்சு, போலீஸ் போகுது" என்றார். பூட்டு தலையாட்டினாள். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து கவுண்டரில் உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அம்மா சாயங்காலம் பஸ்ஸில் தனியாகத் திரும்பினாள். மாடி ஏறத் தெம்பில்லாமல் மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். அந்தப் பாத்திரம் திறக்காமலே மடியில் இருந்தது. பூட்டும் அப்பாவும் மேலேயிருந்து இறங்கி வந்தார்கள். என் மனைவி கதவருகே நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால்.

"கெஞ்சுவான்னு நெனச்சேன்" என்று அம்மா ஆரம்பித்தாள். "போற வழியெல்லாம் 'கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன் அத்த'ன்னான். விடுதிக் கதவத் தொறக்கல. ஒடனே சீட்டுக்கடிலேருந்து இரும்புக் கம்பிய எடுத்தான். அது மேலதான் நான் அத்தன தூரமும் உக்காந்து போயிருக்கேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒடச்சான். 'என்ன மாப்பிள்ள இது'ன்னு கையப் பிடிச்சேன். 'இத்தன நாளா ஒங்க வீட்டுல ஒக்காந்து அழுதது எதுக்குன்னு நெனச்ச, கெழவி'ன்னு என்னத் தள்ளிவிட்டான். போலீஸ் வந்து இழுத்துட்டுப் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ மட்டும் உள்ள இருந்திருந்தா... நான்தான்டி கூட்டிட்டுப் போனேன். பெத்தவ நானே வழி காட்டிட்டுப் போனேன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூத்த மகள் தலையில் கைவைத்தார். கையை எடுக்கவே இல்லை.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றேன், மனைவியின் முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஒங்க மேல தப்பில்ல."

பூட்டு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "கடைல இன்னும் அந்த மாதிரிக் காகிதம் எவ்வளவு இருக்குண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று சாக்கு இருந்தது. மறுநாள் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, பேங்கில் காகிதத்தைத் தூள்தூளாகக் கிழிக்கும் இயந்திரத்தில் நானே நின்று போட்டேன். எத்தனை முகம், எத்தனை கையெழுத்து, எத்தனை வீட்டு எண்! இருபது வருடமாக இதன் பின்பக்கத்தில்தான் பில் எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க ஆனது. பில் புத்தகம் ஒன்று காசு கொடுத்து வாங்கினேன்.

நாலு மாதம் கழித்துச் சின்னவள் வந்தாள். இந்தத் தடவை முகத்தை மறைக்கவில்லை. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. வேறொரு விலாசம், வேறொரு காகிதம். இயந்திரத்தில் கவிழ்த்து வைத்தேன், கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கிழட்டுச் சனியன் இந்தத் தடவையும் கோணலாகத்தான் துப்பியது. அந்தக் கோணலையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தேன்.

"இது எதுக்குண்ணே?"

"ஒன்னோடதும்மா. நீயே வச்சிக்க. ஆமா, எனக்கொரு சந்தேகம். இத்தன நடந்துச்சு. கணக்க வேற பேங்குக்கு மாத்தியிருக்கலாமே? இங்க வந்தா யாராவது பாத்துடுவாங்கன்னு பயமில்லையா ஒனக்கு?"

சிரித்தாள். "வேற பேங்க்ல யார் இருக்காங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? இங்க எங்க அக்கா இருக்கா."

சாலையைக் கடந்து போனாள். கண்ணாடிக்குள் பூட்டு நிமிர்ந்தாள், பலகையை எடுத்து முன்னால் வைத்தாள், பின்னறைக்குப் போனாள். சின்னவள் ஒன்றாம் கவுண்டரில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும்போது, ஆளில்லாத மூன்றாம் கவுண்டர் முன்னால் நின்றாள். அந்தப் பலகையைக் கையால் ஒருதரம் தடவிவிட்டுப் போனாள். நான் கல்நெஞ்சு என்று சொன்ன மனுஷி உள்ளே நின்று அழுதுகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நானும் அழுதேன். கடையில் ஆள் இல்லை, நல்லவேளை.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். அம்மா ஒரே அடுப்பில் எல்லாருக்குமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். பூட்டு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதை விட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. என்னிடம் திரும்பினாள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ.

"தம்பி, இன்னிக்கு கடைக்கு யாராவது வந்தாங்களா?"

பூட்டு தட்டை வைத்த கை வைத்தபடி நின்றாள். என் மனைவிக்குத் தெரிந்தால் நம்பமாட்டாள். எனக்குச் சொல்லாமல் இருப்பது அன்றைக்குச் சிரமமாகவே இல்லை.

"எவ்வளவோ பேர் வராங்கம்மா" என்றேன். "யார் வந்தா, எதுக்கு வந்தாங்கறதெல்லாம் நான் வெளில சொல்றதில்ல."

அம்மா என்னையே பார்த்தாள். கண் நிறைந்தது, வாய் சிரித்தது.

"சரி, சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவருக்கும் ஒரு தட்டு வைடி."